எதிராளிக்கு வேகம் கூட்டுகிறவர்

கையிலிருக்கும் கருவியின் முதுகைக் கழுத்தில் அழுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து வரை எண்ணுகிறார் வினாயகமூர்த்தி. பாதைப் படகில் முதல்முறை ஏறுகிறவர்கள் அவர் யாருடனோ முக்கியமான கதை பேசுகிறார் என்று நினைத்து, மரியாதையாகச் சற்றுத் தள்ளி நிற்பார்கள். அவர் பேசவில்லை. கருவிக்குக் காய்ச்சல் பார்க்கிறார். பிள்ளைக்கு உடம்பு சுடுகிறதா என்று தாய்மார் பார்ப்பார்களே, அதே பார்வை. "சோத்துச் சூடுதான். பயமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கருவியைக் கைப்பிடிச் சட்டத்தின் மேல் ஆணியடித்துப் பொருத்தியிருக்கும் சிறிய மரத்தட்டில் வைத்துவிட்டு, கயிற்றை அவிழ்க்கப் போகிறார்.

சூட்டுக்கு அவரிடம் மூன்று அளவுகள் உண்டு. சோற்றுச் சூடு என்றால் நிம்மதி. தேத்தண்ணிச் சூடு என்றால் கவனம். தகரச் சூடு, அதாவது மத்தியான வெயிலில் கூரைத் தகரம் கொதிக்கும் சூடு என்றால், உடனே நிறுத்தியாக வேண்டும். வெப்பமானி ஒன்று வாங்கித் தரட்டுமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "அது சூட்டைச் சொல்லும் சேர். நோவைச் சொல்லாது" என்றார்.

மட்டக்களப்பாருக்குப் பாதை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகைத் தளம் போட்டு, வாவியின் கிழக்கே எழுவான்கரைக்கும் மேற்கே படுவான்கரைக்கும் இடையே ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஆடுகளையும் ஏற்றி இறக்குகிறோமே, அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அது. நான் கணித ஆசிரிய ஆலோசகன். செவ்வாயும் வியாழனும் படுவான்கரைப் பாடசாலைகளுக்குப் போக இந்தப் பாதையை விட்டால் வேறு வழியில்லை. மதுரன் என்ற இளைஞர் இயந்திரத்தை ஓட்டுகிறார். கயிறு, ஏறுபலகை, ஆட்களின் ஒழுங்கு மூன்றும் இருபத்திரண்டு வருடங்களாக வினாயகமூர்த்தியின் பொறுப்பு. ஐம்பத்து நான்கு வயது. உயரமான மனிதர். "சைக்கிளைக் கியர்ல போட்டு விடுங்க, புள்ளைய மடியில தூக்குங்க, ஆடு ஆர்ட ஆடு?" என்று அவர் கத்தினால் அக்கரையில் நிற்பவர்களும் ஒதுங்கி வரிசையாவார்கள். பயணிகளுக்கு அவர் மூர்த்தியண்ணன்.

கருவி உள்ளங்கை அளவு. சாம்பல் நிறம். கைத்தொலைபேசி அல்ல, அதற்கு முந்திய காலத்துக் குட்டிக் கணினி. சுனாமிக் கடல்கோளுக்குப் பிறகு வீடு எண்ண வந்த ஒரு நிவாரண அமைப்பினர் இதில்தான் எங்கள் ஊர்களின் இழப்பைக் குறித்துக்கொண்டு போனார்கள். அவர்கள் அலுவலகத்தை மூடிக் கிளம்பியபோது மிஞ்சிய சாமான்களோடு மூர்த்தியண்ணன் கைக்கு மூன்று கருவிகளும் இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளும் வந்தன. கதிரைகள் எப்போதோ உடைந்துபோயின. திரையைத் தொடுவதற்கான குச்சியும் தொலைந்துவிட்டது. அதனால் பழைய குடை ஒன்றின் கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, நுனியிலிருக்கும் வெள்ளைக் குமிழால் தொடுகிறார். ஒவ்வொரு நகர்வையும் அந்தக் கம்பியால் மெல்லத் தட்டுவார்.

உள்ளே ஒரு செஸ் நிரல் இருக்கிறது. அதனோடு விளையாடுவதுதான் அவருடைய பொழுது. ஏறுபலகையைத் தூக்குமுன் தன் காயை நகர்த்துவார். பாதை வாவியைக் கடக்கும் பதினைந்து நிமிடமும் கருவி யோசிக்கும். அக்கரை வரும்போது அதன் பதில் திரையில் இருக்க வேண்டும். ஆட்களை இறக்கி, புதியவர்களை ஏற்றும் நேரத்தில் இவர் யோசிப்பார். போகும்போது ஒரு நகர்வு, வரும்போது ஒரு நகர்வு. உலகத்தில் மற்றவர்கள் மணிக்கூட்டை வைத்துச் செஸ் ஆடுகிறார்கள். இவருக்கு மணிக்கூடு வாவியின் அகலம்.

இதுவரை எல்லாம் ஒரு மனிதரின் பொழுதுபோக்குப் போலத்தான் தெரியும். இனித்தான் விஷயம். அந்தக் கருவிக்குள் இன்னொரு சின்ன நிரல் இருக்கிறது. திறந்தால் ஓர் எண் தெரியும். அந்த எண்தான் கருவியின் ஓட்ட வேகம். "அது இருநூறில ஓடப் பிறந்தது. நான் இருநூத்தெழுபதில ஓட்டுறன்" என்று மூர்த்தியண்ணன் சொல்லும்போது குரலில் ஒரு கள்ளச் சந்தோஷம் இருக்கும். வேகம் கூடினால் அதே பதினைந்து நிமிடத்துக்குள் கருவி கூடுதல் தூரம் யோசிக்கும். கூடவே கொதிக்கும். சில நேரம் நடுவழியில் உறைந்து நின்றுவிடும்.

எதற்கு இந்தப் பாடு? பதினொரு வருடமாக அவர் வைத்திருக்கும் சட்டம் ஒன்று: கருவியைத் தொடர்ந்து மூன்று ஆட்டம் வென்றால் அன்றைக்கே அதன் வேகத்தை ஐந்து கூட்ட வேண்டும். இப்படிப் பதினான்கு படி ஏற்றியிருக்கிறார். தான் முன்னேற முன்னேறத் தன் எதிராளியையும் முன்னேற்றுகிற மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள், அது இதுதான் என்று கேலி செய்தேன். "வெல்லுற ஒருத்தனோட ஆடினாத்தான் சேர் ஆட்டம். வெல்ல ஏலாதவனோட ஆடுறது அடிக்கிற மாதிரி" என்றார்.

கைத்தொலைபேசி இருக்கிறதே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவருக்கு மகள் வாங்கிக் கொடுத்த நல்ல தொலைபேசி ஒன்று சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதில் உள்ள செஸ் நிரல் உலகத்தின் எந்தப் பெரிய ஆட்டக்காரரையும் தோற்கடிக்கும்.

"அது கடவுள் மாதிரி சேர். கடவுளோட ஆரு விளையாடுற? கும்பிடத்தான் ஏலும்."

"வலிமையைக் குறைத்து வைக்கலாமே. அதற்கு நிலைகள் இருக்கிறதே?"

மூர்த்தியண்ணனின் முகம் மாறியது. கொஞ்சம் கோபம் என்றே சொல்ல வேண்டும். "குறைச்சா அது என்ன செய்யும் தெரியுமா? நல்ல மூவ் தெரிஞ்சுகொண்டே பிழையான மூவ் ஆடும். எனக்காக விட்டுத்தரும். எனக்கு அது விளங்கும் சேர். இந்தா, இது அப்பிடி இல்ல. இது தனக்குத் தெரிஞ்ச முழுக்கத்தையும் போட்டு ஆடுது. பாவம், தெரிஞ்சது கொஞ்சம். ஆனா ஒண்டையும் ஒளிக்கிறல்ல."

எனக்கு விட மனமில்லை. பொறியியல் படித்த நண்பர் ஒருவரிடம் விசாரித்துவிட்டு, அடுத்த வியாழன் கையோடு ஒரு கணக்கும் கொண்டுபோனேன். இருநூறிலிருந்து இருநூற்றெழுபதுக்குப் போனால் கருவி முன்னோக்கிப் பார்ப்பது அரை நகர்வு தூரம்கூடக் கூடாது. பதினொரு வருட உழைப்பின் பலன் அவ்வளவுதான் என்று விளக்கினேன். அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார். "அந்த அரை மூவாலதான் நான் தோக்கிற" என்றார். பிறகு மரியாதைக்காக, "உங்கட கணக்குச் சரியா இரிக்கும்" என்று சேர்த்துக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில் செஸ் ஆடியவன் என்ற தலைக்கனம் எனக்கு இருந்தது. ஒரு நாள் பாதை பழுதுபட்டு நின்றபோது இருவரும் காகிதத்தில் கட்டம் போட்டு, காய்களை எழுதி அழித்து ஆடினோம். முப்பத்தொரு நகர்வில் தோற்றேன். பாதை ஆடியது, அதனால் கவனம் சிதறியது என்று சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பாதை கரையில் கட்டிக் கிடந்தது.

அவருக்குச் செஸ் பழக்கியவர் தினமும் அக்கரைக்குப் போய்வந்த ஒரு வங்கி அதிகாரி. காந்தப் பலகை வைத்திருந்தாராம். ஐந்து வருடம் இருவரும் சரிக்குச் சரி ஆடியிருக்கிறார்கள். அதிகாரி இடமாற்றமாகிப் போனபிறகு இரண்டு வருடம் மூர்த்தியண்ணனுக்கு ஆடுவதற்கு ஆளில்லை. "அந்த ரெண்டு வருசமும் நான் எல்லாரோடயும் கதைச்சன். சிரிச்சன். ஆனா தனிச்சுத்தான் இருந்தன். மனிசனுக்கு ஒருத்தராவது சமமா வேணும் சேர்" என்றார். அவருடைய மனைவி யோகம்மாவிடம் இதைச் சொன்னேன். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. "அந்தப் பெட்டி நல்லா இருக்கட்டும். அது செத்தா இவர் என்னோடதான் விளையாட வருவார். எனக்குத் தாயம் மட்டுந்தான் தெரியும்" என்று சிரித்தார்.

செத்தால் என்று யோகம்மா சும்மா சொல்லவில்லை. மூன்றில் இரண்டு செத்துவிட்டன. முதலாவது செத்த கதையை மூர்த்தியண்ணன் வெட்கத்தோடுதான் சொல்வார். ஒரு நாள் கருவி தேத்தண்ணிச் சூட்டைத் தாண்டியது. பாதையில் மீன் வியாபாரி ஒருவரின் ஐஸ் பெட்டி இருந்தது. மீன் பழுதாகாமல் இருக்கிறதென்றால் இதுவும் பழுதாகாது என்று நினைத்து, ஒரு பொலித்தீன் பையில் சுற்றிப் பாரைமீன்களுக்கு நடுவில் வைத்துவிட்டார். அக்கரை போய் எடுத்துப் பார்த்தால் திரைக்குள்ளே பனித்துளி. வாவிக் கரையில் வாழ்கிறவர், இந்த ஈரக்காற்று குளிர்ந்தால் தண்ணீராகும் என்று தெரியாதவர் அல்ல. ஆனாலும் குளிர் என்றால் ஐஸ், ஐஸ் என்றால் மீன்பெட்டி என்றே கை போயிற்று.

அந்தப் பிரேதத்தைப் பரிசோதித்தவர் காத்தான்குடியில் கைத்தொலைபேசி திருத்தும் நளீர். வியாழன்தோறும் திருத்திய தொலைபேசிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு இதே பாதையில் அக்கரை வருகிறவர். கருவிகளுக்கு மின்கலம் மாற்றி உயிர் நீட்டித்து வைத்திருப்பவரும் அவரே. மூடியைக் கழற்றியதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன், இதைத் திருத்தவா, மீனாணம் காய்ச்சவா?" என்று கேட்டாராம்.

இரண்டாவது செத்தது போன வருடம், கச்சான் காற்றில். வாடைக்காற்று வீசும் மாதங்களில் கருவிக்கு ஒரு குறையுமில்லை. ஆனியில் மேற்கேயிருந்து கச்சான் இறங்கினால் உடம்பில் வேர்வை நிற்காது, உதடு வெடிக்கும், வாவித் தண்ணீரே சுடும். அப்படி ஒரு பகலில், மூன்றாவது வெற்றிக்குப் பிறகு, மூர்த்தியண்ணன் வேகத்தை இருநூற்றெழுபத்தைந்து ஆக்கினார். பாதி வழியில் திரை வெளுத்தது. அதற்குப் பிறகு அது கண் திறக்கவே இல்லை. ஒரு கிழமை அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை என்று மதுரன் சொல்கிறார். பிறகு கடைசியாக இருந்த கருவியை எடுத்து, இருநூற்றெழுபதில் வைத்து, எண்ணிக்கையை மறுபடி தொடங்கினார். இதற்குப் பிறகு இன்னொன்று இல்லை. நளீர் கொழும்பு வரைக்கும் தேடிவிட்டார்.

இந்த ஆனி மாதத்து வியாழன் ஒன்றில் நான் பாதையில் ஏறியபோது யாரும் என்னை வரவேற்கவில்லை. எல்லாரும் மரத்தட்டைச் சுற்றி நின்றார்கள். மதுரன்தான் காதுக்குள் சொன்னார்: "ரெண்டு ஆட்டம் வெண்டுட்டார் சேர். இது மூணாவது." கச்சான் அனலாக அடித்துக்கொண்டிருந்தது. வென்றால் வேகத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் போன வருடம் நடந்தது நடக்கலாம். பயணிகளில் பாதிப் பேருக்குச் செஸ்ஸில் காலாள் எது, கோட்டை எது என்று தெரியாது. ஆனால் இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

படுவான்கரையைத் தொடும்போது கருவி தன் பதிலைச் சொன்னது. நான் எட்டிப் பார்த்தேன். எனக்கே தெரிந்தது: குதிரையை எடுத்து நடுவில் வைத்தால் எதிரியின் ராசாவுக்கும் ராணிக்கும் ஒரே நேரத்தில் அடி. மூர்த்தியண்ணன் அதை எனக்கு முன்பே கண்டிருப்பார். ஆட்களை இறக்கினார், புதியவர்களை ஏற்றினார், ஒரு கிழவரின் சைக்கிளைத் தூக்கி வைத்தார், தட்டுக்கு முன்னால் வந்து குடைக்கம்பியைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றார்.

"வேறு நகர்வும் இருக்கிறதே அண்ணன்" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. "கோட்டையைப் பின்னால் எடுத்தால் ஆட்டம் சமநிலையில் முடியும். யாருக்கும் நட்டமில்லை."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அது எனக்கு விட்டுத்தந்தா எனக்குப் புடிக்குமா சேர்?" என்று கேட்டார். பிறகு கம்பியின் வெள்ளைக் குமிழால் குதிரையைத் தட்டினார்.

அன்றைக்கு நான் பாடசாலைக்குப் போகவில்லை. என் அதிகாரிகள் இந்தச் சஞ்சிகையைப் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். ராணியை இழந்த பிறகும் கருவி விட்டுக்கொடுக்காமல் ஆடியது. பாதை வந்தது, போனது, மறுபடி வந்தது. வெயில் உச்சிக்கு ஏறியது. ஐந்தாவது தரம் எழுவான்கரையைத் தொட்டபோது அதன் ராசாவுக்குப் போக இடமில்லை. மூர்த்தியண்ணன் வென்றுவிட்டார். யாரும் கைதட்டவில்லை. கூடையோடு நின்ற ஒரு பெண்தான், "வெண்ட மனிசன் ஏன்கா இப்பிடி முழிக்கிறார்?" என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

காத்தான்குடியிலிருந்து வந்த நளீர் அந்தக் கரையில்தான் ஏறினார். நடந்ததைக் கேட்டதும் பையைக் கீழே வைத்துவிட்டு மூர்த்தியண்ணனின் கையைப் பிடித்தார். "அண்ணன், நான் கூட்ட வேணாமெண்டு சொல்லல்ல. கார்த்திகைக்குக் கூட்டுங்க. வாடை வரட்டும். இந்தக் கச்சான்ல கூட்டினா இது மௌத்தாகிரும். புறகு எனக்கிட்டக் கொண்டு வராதீங்க, நான் உயிர் குடுக்கிறவன் இல்ல."

"கார்த்திகை மட்டும் என்ன செய்யிற?"

"இந்த வேகத்திலயே ஆடுங்க."

"என்னை வெல்ல ஏலாதெண்டு தெரிஞ்சுகொண்டு, அஞ்சு மாசம் இதை முன்னால இருத்தி அடிக்கச் சொல்லுறியா தம்பி? அப்பிடி வெச்சிரிக்கிறதெண்டா இது இப்பவே செத்ததுதான்." அவருக்குப் பயம் இருந்தது. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறவனாவேன். கருவியை எடுத்துக் கழுத்தில் வைத்து, ஐந்தோடு நிறுத்தாமல் பத்து வரை எண்ணினார்.

பிறகு குடைக்கம்பியால் எண்ணைத் தொட்டு, இருநூற்றெழுபத்தைந்து ஆக்கினார். புதிய ஆட்டம் ஒன்றைத் திறந்தார். வெள்ளைக் காய்களைக் கருவிக்குக் கொடுத்தார். முதல் நகர்வுக்கே முழு நேரமும் யோசிக்கிற சாதி அது. மதுரன் இயந்திரத்தை முடுக்கினார். கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்த மூர்த்தியண்ணன் சட்டையைக் கழற்றி, குனிந்து வாவித் தண்ணீரில் தோய்த்தெடுத்தார். பிழியவில்லை. பாதை மேற்கு நோக்கிப் போகிறது, கச்சான் நேரே முகத்தில் அடிக்கிறது. அவர் தட்டுக்கு முன்னால், காற்று வரும் பக்கமாக நான்கடி தள்ளிப் போய் நின்றார். நனைந்த சட்டையின் இரண்டு தோள்களையும் பிடித்து, தலைக்கு மேல் கைகளை உயர்த்தி, விரித்துப் பிடித்தார். அனலாக வந்த காற்று அந்த ஈரத்துக்குள் புகுந்து குளிர்ந்து கருவியின் மேல் பட்டது. அவருடைய தலையிலும் முகத்திலும் தண்ணீர் வழிந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

சட்டை காய்ந்தபோது மறுபடி தோய்த்தார். நளீர் பொறுக்க முடியாமல், "தாங்க அண்ணன், கொஞ்சம் நான் புடிக்கிறன்" என்று எழுந்துவந்தார். மூர்த்தியண்ணன் தலையை மட்டும் அசைத்து மறுத்தார். கரை நெருங்கியது. மோட்டார் சைக்கிள்காரர்கள் இயந்திரத்தை முடுக்கவில்லை. எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்; அது வெளுக்கவில்லை, பதிலும் இன்னும் வரவில்லை. அவர் பார்க்கவில்லை. அவருக்கு முதுகுப் பக்கம்தான் திரை. பாதை கரையில் முட்டி நின்றது. இருபத்திரண்டு வருடமாக வேறு யார் கையும் படாத ஏறுபலகை தூக்கியபடியே நின்றது. கைகளை இறக்காமல், சட்டையை விரித்துப் பிடித்தபடியே, "மதுரன், பலகையை நீ எறக்கு மனே" என்றார்.